வாரிசு என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஒரு தமிழ் வகுப்பு நடக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்து கன்னடத்தில் படித்தவர்கள். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், எழுத மட்டும் வராது. ஒரு நாள் அவர்களில் ஒருவர், இறந்துபோன தன் அம்மாவின் வீட்டைப் பெயர் மாற்றுவதற்கான காகிதங்களோடு வந்து, "அக்கா, கன்னடத்துல வாரசுதாரன்னு போட்டிருக்கு, நம்ம வாரிசு அதானா?" என்று கேட்டார். அன்றைக்கு வேறு பாடம் நடக்கவில்லை. அன்றும் அதற்குப் பிறகும் வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

வாரிசு என்றால் சரியாக என்ன பொருள்?

ஒருவர் போன பிறகு அவர் விட்டுச் சென்றதைப் பெறுகிறவர். வீடு, நிலம், பட்டம், கடன், தொழில் எதுவானாலும் சரி. பிள்ளை என்பதும் வாரிசு என்பதும் ஒன்றல்ல. பிள்ளை இல்லாதவருக்கும் வாரிசு உண்டு. மனைவி வாரிசு, தாய் வாரிசு, சில நேரம் அண்ணன் மகனும் வாரிசு. பேச்சில் 'அவருக்கு வாரிசு இல்லை' என்றால் குழந்தை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். அது சொல்லின் பொருளை நாம் சுருக்கிக்கொண்டது.

இது தமிழ்ச் சொல்லா?

பிறப்பால் அரபுச் சொல். அரபியில் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களை வேராகக் கொண்டு கிளைக்கும். இந்தச் சொல்லின் வேர் வ, ர, த. கடைசி ஒலி நம் 'த' அல்ல. நாக்கின் நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றைவிட்டுச் சொல்லும் ஒலி. பாரசீகர் வாயில் அந்த ஒலி 'ஸ' ஆகிவிடும். அரபியில் வாரித், பாரசீகத்திலும் உருதுவிலும் வாரிஸ். தமிழுக்கு வந்ததும் கடைசியில் ஓர் உகரம் ஏறி, ஸகரம் சகரமாகி, வாரிசு ஆனது. அந்த உகரம் ஏறியதிலேயே சொல் நம்முடையதாகிவிட்டது என்று நான் நினைக்கிறேன். இன்று எந்தத் தமிழரும் இதை அயல்சொல் என்று உணர்ந்து பேசுவதில்லை.

இஸ்லாத்தில் இறைவனுக்குச் சொல்லப்படும் 99 திருப்பெயர்களில் அல் வாரித் என்பதும் ஒன்று. எல்லோரும் போன பிறகும் நிலைத்திருப்பவன், எல்லாம் கடைசியில் யாரிடம் சேருமோ அவன் என்று பொருள். ஒரு சொத்துப் பத்திரத்தில் பார்க்கிற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு ஆழம் இருப்பதை முதலில் தெரிந்துகொண்டபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

வரிசையில் அடுத்து வருகிறவர் என்பதால் வாரிசு என்கிறார்களே?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியல்ல. வரிசையிலிருந்து வந்திருந்தால் இந்தியில் வாரிஸ், மராட்டியில் வாரஸ், கன்னடத்தில் வாரசுதார என்று இதே பொருளில் இதே சொல் இருக்காது. இதற்குக் கூடப்பிறந்த சொற்களும் இருக்கின்றன. இந்தியில் விராசத் என்றால் மரபுச் சொத்து, மௌரூசி என்றால் பரம்பரையாக வந்தது. ஒரு குடும்பமே ஒரே வேரில் நிற்கும்போது ஒருவரை மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது.

அந்தக் குடும்பத்தில் வேறு யாராவது தமிழில் இருக்கிறார்களா?

இருக்கிறார். வகுப்பில் எல்லோரும் அதிகம் வியந்தது இவரைப் பார்த்துத்தான்: மிராசு.

அரபியில் வாரித் என்றால் பெறுகிறவர், மீராத் என்றால் பெறப்படுவது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்; முன்னால் 'மி' சேரும்போது வகரம் அதற்குள் கரைந்து 'மீ' ஆகிவிடுகிறது. மீராத் பாரசீகத்தில் மீராஸ் ஆகி, தமிழில் மிராசு ஆனது. அதோடு வைத்திருப்பவர் என்று பொருள்படும் 'தார்' என்ற பாரசீக விகுதி சேர, மிராசுதார். தாசில்தார், ஜமீன்தார், சுபேதார் எல்லாவற்றிலும் இருப்பது அதே தார்தான்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு மிராசுதார் என்றால் பெரிய நிலக்காரர். சொல்லின்படி பார்த்தால் அவர் நிலம் நிறைய உள்ளவர் என்று பொருளில்லை. பரம்பரை உரிமையாகப் பெற்றவர் என்றுதான் பொருள். ஆங்கிலேயர் காலத்தில் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் இந்த மிராசு உரிமையைப் பற்றி 1818-இல் ஒரு நூலே வெளியிட்டார். தொண்டை மண்டலத்தில் அதே உரிமைக்குக் காணியாட்சி என்று பழைய தமிழ்ப் பெயர் இருந்தது. காணியாட்சி என்ற பெயர் மங்கி மிராசு நின்றது. ஆள்கிறவர் மாறினால் கணக்கில் எழுதுகிற சொல்லும் மாறிவிடுகிறது.

எந்த வழியாகத் தமிழுக்கு வந்தது?

கணக்கு எழுதுகிறவர்கள் வழியாக, நீதிமன்றங்கள் வழியாக. வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி, நகல், ஜாமீன், வக்கீல், முன்சீப் என்று நாம் தினமும் சொல்லும் சொற்களோடு கூட்டமாக வந்தது. தக்காணத்துச் சுல்தான்கள், மராட்டியர்கள், ஆற்காட்டு நவாபுகள் என எல்லா நிர்வாகங்களிலும் பாரசீகச் சொற்கள் புழங்கின. குடியானவர் கையில் வந்த காகிதத்தில் அந்தச் சொற்களே இருந்தன.

இதில் பெங்களூருக்கும் தஞ்சாவூருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1638-இல் பிஜாப்பூர்ப் படை பெங்களூரைப் பிடித்தது. ஊர் அந்தப் படையின் மராட்டியத் தளபதி ஷாஹஜி போன்ஸ்லேவுக்கு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் நிலமாக, கொடுக்கப்பட்டது. அவர் 1664-இல் இறந்தார். அவருடைய ஒரு மகன் ஏகோஜி தெற்கே போய்த் தஞ்சாவூரைப் பிடித்து அங்கே மராட்டிய அரசை நிறுவினார். இன்னொரு மகன்தான் சத்ரபதி சிவாஜி. 1677-இல் தெற்கே படையெடுத்து வந்தபோது, அப்பாவின் தென்னாட்டுச் சொத்தில் தன் பங்கைக் கொடு என்று தம்பியிடம் சிவாஜி கேட்டார். நம் வீடுகளில் நடக்கிற அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டையேதான்; வாசலில் படை நின்றது என்பது மட்டும் வேறு. அந்தத் தகராறில் நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்த ஊரும் ஒரு பங்கு.

அதற்கு முன்னால் தமிழர்கள் என்ன சொன்னார்கள்?

ஒரு சொல் இல்லை, பல சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்க்கிறது.

வழித்தோன்றல் என்பது பரம்பரையைப் பார்க்கிறது: ஒருவர் வழியில் தோன்றியவர். தாயம் என்பது பங்கைப் பார்க்கிறது. இது வடமொழியில் தாய என்று வரும் சொல்லோடு ஒன்றுபட்டது. தாயாதி என்பதும் அதன் உறவு. பங்காளி என்று நாம் சொல்வதற்கு நேர்.

தாயம் சங்கப் பாட்டிலேயே வருகிறது. புறநானூற்று 75-ஆம் பாட்டு, சோழன் நலங்கிள்ளி பாடியது. மூத்தவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கூற்றுவன் கொண்டுபோக, ஊழால் தன் கைக்கு வந்த அரசுரிமையைப் 'பழவிறல் தாயம்' என்கிறான். அப்புறம் அவன் சொல்வதுதான் முக்கியம். குடிகளிடம் வரிக்காகக் கெஞ்சுகிற சிறியவன் கையில் அது கிடைத்தால் தாங்க முடியாத பாரம். தகுதியுள்ளவன் பெற்றால் வெயிலில் காய்ந்த நெட்டிபோல அவ்வளவு லேசு. பெற்றுக்கொள்வதை அவன் பேறு என்று மட்டும் பார்க்கவில்லை, தூக்க வேண்டிய எடையாகவும் பார்த்தான். வாரிசு என்ற சொல்லைக் கேட்டவுடன் சொத்து மட்டும் நினைவுக்கு வருகிறவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை படிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் எச்சம். எஞ்சுவது எச்சம். வள்ளுவர் இதை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விதமாக ஆள்கிறார். 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்' என்ற 114-ஆம் குறளில் எச்சம் என்பதற்கு மக்கள் என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். 'வசையென்ப வையத்தார்க் கெல்லாம் இசையென்னும் எச்சம் பெறாஅ விடின்' என்ற 238-ஆம் குறளிலோ எச்சம் புகழ். பிள்ளையும் எச்சம், பெயரும் எச்சம். வாரிசு என்பதில் பெறுகிறவர் தெரிகிறார். எச்சம் என்பதில் போனவர் தெரிகிறார். பேச்சில் இந்தச் சொல் இந்தப் பொருளில் இப்போது இல்லை, அது எனக்கு வருத்தம்தான். இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம் என்று மட்டும் பிழைத்திருக்கிறது.

கன்னடப் படிவத்தில் வாரசுதார, உத்தராதிகாரி, பௌதி காத்தா என்றெல்லாம் வருகிறதே?

வாரசுதார என்றால் வாரிசுதான். வாரிஸ் என்பதே ஆளைக் குறிக்கும் சொல். அதற்குமேல் தார் தேவையில்லை. ஆனாலும் கன்னடத்திலும் மராட்டியிலும் சேர்த்துச் சொல்லியே பழகிவிட்டது. தமிழ்ப் பத்திரங்களிலும் வாரிசுதாரர் என்று எழுதுகிறார்கள்.

உத்தராதிகாரி என்பது மடத்திலும் பதவியிலும் அடுத்து வருகிறவர். உத்தர என்றால் பின்னால் வருவது, அதிகாரி என்றால் உரிமையுள்ளவர்.

பௌதி காத்தா என்பது இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுகள் பெயருக்குச் சொத்துக் கணக்கை மாற்றுவது. பௌதி என்பதும் அரபுதான். ஃபௌத் என்றால் கடந்துபோதல், இறப்பு. இதற்குப் போகும்போது பெரும்பாலும் வம்சவிருட்சம் என்ற குடும்ப மரச் சான்றைக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழை நினைத்துக்கொண்டு போய் இங்கே அதே பெயரில் கேட்டால் குழப்பம் வரும்.

மலையாளத்துப் பக்கத்து வீட்டுக்காரர் அவகாசி என்கிறார். அதுவா?

அதுவேதான். நமக்கு அவகாசம் என்றால் நேரம், அவர்களுக்கு உரிமை. பதவியில் அடுத்து வருகிறவரைப் பின்காமி என்பார்கள், பின்னால் போகிறவர். அழகான சொல்.

'பேவர்ஸி' என்று திட்டுகிறார்களே, அதற்கும் வாரிசுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பே என்பது பாரசீகத்தில் 'இல்லாத'. பே வாரிஸ் என்றால் வாரிசு இல்லாதது, உரிமை கொண்டாட ஆள் இல்லாதது. மராட்டியில் பேவாரஸ், கன்னடத்தில் பேவர்ஸி. இந்தியில் லாவாரிஸ் என்பார்கள். ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று இந்தியில் அறிவிக்கும்போது காதில் விழும் லாவாரிஸ் இதுதான்.

எனக்கு ஏழு எட்டு வயதிருக்கும்போது, தெருவில் கேட்ட இந்தச் சொல்லை வீட்டில் வந்து தம்பியைப் பார்த்துச் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. என்னை உட்காரவைத்து, "அதுக்கு அர்த்தம் யாருமில்லாதவன்னும்மா. அவனுக்கு நீ இருக்கே, நான் இருக்கேன். எப்படிச் சொல்லலாம்?" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை. கலாசிபாளையம் சந்தையிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் சாதாரணமாகப் புழங்குகிற வசவுதான், சொல்கிறவர்களுக்குப் பொருள் தெரிவதும் இல்லை. ஆனால் ஒரு மனிதரைப் பார்த்து உன்னை எனது என்று சொல்ல யாருமில்லை என்பதைவிடக் கொடிய வசவு எனக்குத் தெரிந்து வேறில்லை. வகுப்புக்கு வருகிறவர்களிடம் இதை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆண் பிள்ளைதானே வாரிசு?

இல்லை. சொல்லும் அப்படிச் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ஆண் வாரிசு' என்று தனியாகச் சொல்கிறோம். வாரிசு என்றாலே ஆண்தான் என்றால் முன்னால் 'ஆண்' எதற்கு? வாரிசு தமிழில் ஆண்பால் விகுதியோ பெண்பால் விகுதியோ இல்லாமல் நிற்கிற சொல். 'அவள் வாரிசு' என்றும் 'அவன் வாரிசு' என்றும் ஒரே வடிவத்தில் சொல்லலாம்.

பிறகு சட்டம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தனிச் சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கு ஒரு சம பங்கு. (தந்தை அந்த முதல் வகுப்பில் இல்லை, இது பலருக்கும் புதிய செய்தி.) பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை என்பது மகன்களுக்கு மட்டும் இருந்தது. தமிழ்நாடு 1989-இலும் கர்நாடகம் 1994-இலும் அதைத் திருத்தின. ஆனால் அதற்குள் மணமாகிவிட்ட மகள்களை விட்டுவிட்டன. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல் வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்கத் தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. இதில் இன்னொன்று: பழைய பிறப்புரிமைக்கு அடிப்படையான மிதாக்ஷர நூலை எழுதிய விஞ்ஞானேஸ்வரர் கர்நாடகத்துக்காரர், கல்யாணிச் சாளுக்கிய மன்னர் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தவர்.

எங்கள் அப்பா இறந்த பிறகு ஓர் அலுவலகத்தில் குடும்ப விவரம் எழுதிக்கொண்டவர், தம்பி பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிட்டாங்கல்ல?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "சார், அக்கா பேரைத்தான் முதல்ல எழுதணும்" என்றான். எழுதினார். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு தம்பி இருப்பதில்லை. அதனால் பெண்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பிள்ளை இல்லாமல் தத்து எடுத்தால் அந்தக் குழந்தை வாரிசா?

முறைப்படி தத்தெடுத்தால் பெற்ற பிள்ளைக்கு உள்ள அதே இடம். இதை ஏற்காமல் நடந்துகொண்டவர் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி. 1848-இல் சதாராவில் தொடங்கி, ஆண் வாரிசு இல்லாத அரசுகளை வாரிசு இழப்புக் கொள்கை என்ற பெயரில் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஏகோஜி தொடங்கிய தஞ்சாவூர் வம்சத்தின் கடைசி அரசர் இரண்டாம் சிவாஜி 1855-இல் இறந்தார். மகள் இருந்தார். இருந்தும் அரசுக்கு வாரிசு இல்லை என்று முடிவு செய்து பட்டத்தையே நீக்கிவிட்டார்கள். அரசி காமாட்சி பாய் சொத்துக்காக வழக்காடினார். 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் அது தோற்றது.

மைசூரில் நடந்தது வேறு. தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்கு மக்கள் இல்லாமல் போகட்டும் என்று ஸ்ரீரங்கப்பட்டணத்து விஜயநகர ஆளுநரின் மனைவி அலமேலம்மா சாபமிட்டதாக இங்கே எல்லோரும் சொல்வார்கள். சாபம் கதை, தத்து வரலாறு. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தத்தெடுத்த சாமராஜேந்திர உடையாரிடம் 1881-இல் ஆங்கிலேயர் நாட்டைத் திருப்பிக் கொடுத்தனர். 2015-இல் பட்டம் சூட்டப்பட்ட யதுவீரரும் தத்துப் பிள்ளைதான்.

நாமினி போட்டிருக்கிறேன். அவர்தானே வாரிசு?

பொதுவாக இல்லை. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருக்க உரிமையுள்ளவர். அது யாருக்குச் சேரும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் தீர்மானிக்கும். 1984-இல் காப்பீட்டுக்கும் 2023-இல் பங்குகளுக்கும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆனால் 2015-இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டதால், ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், துணை, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம். வங்கியில் நாமினி போட்டுவிட்டோம், இனி உயில் வேண்டாம் என்று இருக்காதீர்கள்.

அலுவலகத்தில் என் இடத்துக்கு அடுத்து வருகிறவரை வாரிசு என்று எழுதலாமா?

வேண்டாம். மின்னஞ்சலில் 'என் வாரிசு' என்று எழுதினால் உங்கள் மகனுக்கு அங்கேயே வேலை கிடைத்துவிட்டது என்று நினைப்பார்கள். 'எனக்கு அடுத்துப் பொறுப்பேற்பவர்' என்பது தெளிவு. பேச்சில் 'எனக்கப்புறம் சார்ஜ் எடுக்கிறவர்'. சைவ ஆதீனங்களில் 'இளைய சந்நிதானம்' என்ற மரியாதையான வழக்கு இருக்கிறது. அரசரென்றால் இளவரசர், யுவராஜர். முதலாம் ராஜராஜன் 1012-இல் ராஜேந்திரனைத் தன்னோடு ஆட்சியில் சேர்த்துக்கொண்டது அப்படித்தான்.

'கலை வாரிசு', 'இசை வாரிசு' என்பது சரியா?

தாராளமாக. அறிஞர்கள் நபிமார்களின் வாரிசுகள் என்ற நபிமொழியில் இந்தச் சொல் வருவதே அந்தப் பொருளில்தான். ரத்த உறவு அங்கே கணக்கில் இல்லை.

எப்படி எழுதுவது: வாரிசா, வாரிஸா?

வாரிசு. பன்மை வாரிசுகள். வாரிசுரிமை, வாரிசுதாரர் என்று சேர்த்து எழுதுங்கள். 'வாரிசு வந்தது' என்று அஃறிணையாக எழுதாமல் 'வாரிசு வந்தார்' என்று எழுதுவது நல்லது. ஆளைக் குறிக்கும் சொல், மரியாதை வேண்டும்.

காகிதத்தோடு வந்தவருக்குக் கடைசியில் என்ன ஆனது?

அவர் வீட்டில் மூன்று பேர்: அவர், ஒரு தங்கை, அம்மா வளர்த்துச் சட்டப்படி தத்தெடுத்த இன்னொரு பெண். மூன்று பெயரையும் அன்று வகுப்பிலேயே தமிழில் எழுதிப் பார்த்தார். முதன்முதலாகத் தமிழில் எழுதுகிறார், அதனால் எழுத்துகள் ஏற்ற இறக்கமாக இருந்தன. மேலே தலைப்பாக 'அம்மாவின் வாரிசுகள்' என்று போட்டார். அடுத்த நாள் படிவத்தில் அதே வரிசையில் கன்னடத்தில் நிரப்பிக் கொடுத்தார்.